ஒருதரம், இரண்டுதரம்

தரம் பிரிப்பது என் வேலை.
பிட்ஸ்பர்க்கில், ரொட்டிக் கடைக்கு மேலே மாடி அறை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
மயிரிழைக் கீறலுக்கு நூறு டாலர் குறையும்.
உறையின் முனை மடங்கியிருந்தால் இன்னும் நாற்பது.
ஓடெஸா என்று எவளோ ஒருத்தி
லேபிளில் பச்சை மையால் தன் பேரை எழுதிவைத்திருந்தால்
விலையே போகாது.
காதுக்கு இதில் வேலையில்லை.

நூற்றுப் பதினான்காம் எண்:
ப்ரூஸார்ட் நால்வர் குழு, 1957.
முந்நூறு தட்டு அடித்தார்கள்.
கிடங்கில் ஆறு புகுந்து பாதிக்கு மேல் போயிற்று.
மிஞ்சியது குதிரைக்கொம்பு.
அதிலும் இது ஊசி படாதது.
அறுபத்தெட்டு வருஷம்
ஒருவரும் கேட்காமல் வைத்திருந்ததற்குத்தான்
இந்த மரியாதை.

இரண்டாம் பக்கம், சாக்ஸஃபோன் மூச்சு வாங்குகிற இடத்தில்
யாரோ இருமுவார்கள்.
மறுபதிப்பில் வெட்டிவிட்டார்கள்.
இருமல் இல்லாதது எண்பது டாலர்.

ஏலத்தன்று ஒஸாகா தொலைபேசியில் இருந்தது.
முன்வரிசையில் பல் டாக்டர் ஹாலோரன்.
கடைசி வரிசையில், பனி சொட்டும் தொப்பியை
மடியில் வைத்துக்கொண்டு லூதர் டின்விட்டி;
பதிவேட்டில் தொழிலுக்கு நேரே
'மைக் கம்பி சுருட்டியது' என்று எழுதியிருந்தார்.

நானூறு என்றபோது அவர் கை உயர்ந்தது.
ஐந்நூறில் இறங்கிவிட்டது.
பிறகு ஒஸாகாவும் பல் டாக்டரும்தான்.
ஆறாயிரத்து இருநூறு.
ஒருதரம், என்றார் மார்கோவிச்.
இரண்டுதரம்.

அப்போது கடைசி வரிசையில் ஓர் இருமல்.
வறண்டு, இரண்டு துண்டாக,
இரண்டாவது கொஞ்சம் மேல் சுருதியில்.

"அது கேள்வியா, சார்?"
சுத்தியல் அந்தரத்தில் நின்றது.
சபை சிரித்தது.
"இல்லை. அன்றைக்கும் தெரியாமல்தான் வந்தது."
ஒருவருக்கும் புரியவில்லை.

மூன்றுதரம்.

படிக்கட்டில் பிடித்தேன்.
கோட்டின் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.
"ஐந்து டாலர் பிடித்துக்கொண்டான், அந்த இருமலுக்கு.
கூலியே பன்னிரண்டு."

விலை போகாத ஓடெஸாவின் தட்டு
என் வீட்டில்தான் இருக்கிறது,
தேய்ந்தது, ஆனால் பாடும்,
வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
மேலே
நூற்றுப் பதினைந்தைக் கூப்பிட்டார்கள்.