அறுபத்திரண்டு

பன்னிரண்டு பேர் சேராமல் படகு எடுப்பதில்லை.
நாங்கள் நால்வர். மூவர் சைக்கிள் ஓட்ட வந்தவர்கள்.
மீதி எட்டுப் பேரின் காசையும் பிரித்துக் கொடுத்தோம்.
இல்லாதவர்கள் இடம் காலியாகவே வந்தது.
சாங்கியில் ஏறிய விமானமொன்று
வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேல் போனது.

உபினில் எனக்கு எதுவும் பிடித்ததில்லை.
கல் தூசி, கிணற்று நீரில் மண்ணெண்ணெய் வாடை,
நாற்பத்தொரு தகரக் கூரை, எல்லாம் கம்பெனியுடையது.
கதவும் கம்பெனிக்கு. கதவில் எழுதிய எண்ணும்.
பதினொன்றரை ஆனால் அம்மா
தட்டு, டம்ளர், சாமிப்படம் எல்லாவற்றையும் தரையில் இறக்குவாள்.
பன்னிரண்டுக்கு வெடி.
எழுபத்தெட்டில் தோ பாயோவுக்கு மாறினோம்.
ஏழாவது மாடி, குழாயைத் திறந்தால் தண்ணீர்.
அங்கேயும் ஒரு மாதம்
பதினொன்றரைக்குத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது வெடித்த பள்ளம் முழுக்கத் தண்ணீர்.
ஆழம் தெரியாத பச்சை. நாரை ஒன்று.
வேலியில் நான்கு மொழியில் எச்சரிக்கை;
தமிழில் மட்டும் 'செல்லாதீர்' என்பதன் கொம்பு
கழன்று சகரத்துக்குப் பின்னால் நிற்கிறது.
உள்ளே போகச் சொல்கிறதா, வேண்டாமென்கிறதா?
பதினேழாம் எண் வீட்டில் மட்டும்
ஜெனரேட்டர் ஓடும் சத்தம். கொடியில் ஒரு கைலி.
மற்ற வீடுகளில் மரம் குடியிருக்கிறது.
இங்கிருந்து போன கல்
என் பிளாக்கின் தூணுக்குள் இருக்கலாம்.
யார் கண்டது.

கம்பெனிக் கடை திறந்திருந்தது.
கோ சியூ தெக்கின் மகன். அவருக்கே எழுபது இருக்கும்.
சைக்கிள்காரர்களுக்கு இளநீர் வெட்டுகிறார்.
பித்தளை வில்லையை மேசைமேல் வைத்தேன்.
அப்பா கழுத்தில் கிடந்தது, எண் 62.
ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்
அப்பா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்:
தவ்கே கடையில் பாக்கி இருக்கு.

மலாயில்தான் பேசிக்கொண்டோம், அவருடைய உடைந்த மலாய், என்னுடையதும்.
அலமாரிமேல் இருந்து பேரேட்டை எடுத்துத் தட்டினார்.
பெயர்கள் கிடையாது அதில். எண்கள்தான்.
பொன்னுரங்கம் என்று எங்கும் இல்லை.
அறுபத்திரண்டு: அரிசி, கருவாடு, டார்ச் பேட்டரி.
பிப்ரவரி எழுபத்தெட்டு. குறுக்கே சிவப்புக் கோடு.
'சுடா ஹபிஸ்' என்றார். முடிந்துவிட்டது.

பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் அறுபத்திரண்டு.
மார்ச்சிலிருந்து.
அரிசி, சிகரெட், முகச்சவர பிளேடு,
விமான அஞ்சல் உறை பதினொன்று.
ஒரே மாதத்தில் பதினொன்று.
பிறகு எதுவும் இல்லை.
பாக்கி: பதினான்கு வெள்ளி அறுபது காசு.

யார் இவர் என்றேன்.
அப்பாவுக்குப் பிறகு அந்த எண்ணில் வந்தவர்.
தமிழரா? தெரியாது. மெலிந்த ஆள்.
ஊருக்குப் போனாரா? தெரியாது.
வெடியா? தவ்கே இளநீர்க் கத்தியைத் துடைத்தார்.
ஒருநாள் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா எந்தப் பாக்கியைச் சொன்னார்?
வேலையை விட்டபின் இங்கு வந்தாரா எப்போதாவது?
என்னிடம் சொன்னதில்லை.
நானும் கேட்கிற பிள்ளை இல்லை.

பதினைந்து வெள்ளி கொடுத்தேன்.
வேண்டாமென்று சொல்வார் என நினைத்தேன்.
வாங்கிக்கொண்டார்.
பேனா எழுதவில்லை; உள்ளங்கையில் இரண்டுமுறை தேய்த்து
நீலத்தில் கோடிழுத்தார், கொஞ்சம் வளைந்து.
மீதி நாற்பது காசை எண்ணி என் முன்னால் வைத்தார்.
வில்லையை எடுக்க மறந்தேனா, விட்டுவந்தேனா
இன்னும் முடிவு செய்யவில்லை.

சாயங்காலப் படகுக்கு ஆள் இருந்தது.
படகுக்காரன் விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தான்.
நான் ஒன்பது.