முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முன்னாள் செனட்டர் வார்டெல் கிரிம்ஷா
தன் வாழ்க்கையை நானூற்று எண்பது பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார்.
ரொறன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பினான்,
பழைய சப்பாத்துகளுக்கு நடுவில் சொருகி.
ஒட்டுசுட்டானில் கரண்ட் போன இரவு
போன் வெளிச்சத்தில்
முதலில் என்னைத்தான் தேடினேன்.
இல்லை.

பிறந்தது பன்றிப் பண்ணையில்.
தகப்பன் குடித்தார், பிறகு விட்டார்,
பிறகு தேவாலயத்துக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்தார்.
இருபத்தாறு வயதில் அரச வழக்கறிஞர்.
முதல் தேர்தல் தோல்வி.
அடுத்ததில் எழுநூறு வாக்கால் வெற்றி;
அந்த எழுநூறு பேருக்கும் கைப்பட நன்றி எழுதினாராம்.
எந்த எழுநூறு என்று எப்படிக் கண்டுபிடித்தார்
என்பது புத்தகத்தில் இல்லை.
மூன்று தவணை, பதினெட்டு வருடம்.
விவசாயக் குழு. வெளியுறவுக் குழு.
ஊரில் ஒரு பாலத்துக்கு அவருடைய பேர்.

எங்களிடம் வந்தது இரண்டாம் தவணையின் நடுவில்.
வெள்ளை வாகனங்கள் மூன்று.
பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள்,
நிறம் அப்படி.
கிளிநொச்சிக் கச்சேரியில் இங்கிலீசு எழுதத் தெரிந்தவன் என்று
என்னைப் பிடித்து முன் சீற்றில் இருத்தியிருந்தார்கள்.
முறிகண்டியில் சாரதி இறங்கித் தேங்காய் உடைத்தான்.
என்ன இது என்று கேட்டார்.
காப்புறுதி என்றேன்.
பெரிதாகச் சிரித்தார், முழங்காலில் தட்டி.
நல்ல மனிதர். அதை எழுதத்தான் வேண்டும்.

பாலை மரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகள்.
திலகாம்பிகை அக்கா படத்தோடு எழும்பி வந்தா.
லமினேற் விட்டுத் தண்ணி புகுந்து
பெடியனுக்கு ஒரு காது கரைந்திருந்தது.
அவ சொன்னது:
"ஐயா, வட்டுவாகல் பாலத்தடியில வைச்சு
இந்தக் கையாலதான் குடுத்தனான்.
உயிரோட குடுத்தனான்.
தண்ணி கேட்டவன், பிறகு தாறன் எண்டனான்.
குடுத்த கைக்கு ஒரு பதில் வேணும்."

நான் சொன்னது:
"இவர் தன் மகனைப் பற்றித் தகவல் கோருகிறார்."

மரத்துக்குப் பின்னால் நின்ற ரீசேட்காரன்
எந்தத் திணைக்களம் என்று எல்லோருக்கும் தெரியும்.
எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்முகம்.

செனட்டர் தலையாட்டினார்.
கண் கலங்கியது, பொய்யில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.
உதவியாளப் பெண் மணிக்கூட்டைக் காட்டினாள்.
யாரோ ஒரு பிடி பாலைப்பழம் நீட்டினார்கள்.
பசை பிடித்து உதடு ஒட்டிக்கொண்டது;
ஏதோ சொல்ல வந்தவர்
சொல்லாமலே வாகனத்தில் ஏறினார்.

நாலாவது தேர்தலில் தோற்றார்.
அதற்கு மட்டும் இருபத்தொரு பக்கம்.
இப்போது மூன்று நாய்கள், ஒரு படகு.
நானும் போன தையில் இளைப்பாறினேன்,
நிர்வாக உத்தியோகத்தராக.
முன்னாள் என்ற சொல் இருவருக்கும் வந்தாயிற்று.

விடியப்போகும் நேரம், பற்றறி மூன்று வீதம்.
பக்கம் முன்னூற்றுப் பன்னிரண்டு:
"வெயில் கொளுத்திய ஓர் ஊரில்
ஒட்டும் மஞ்சள் பழம் ஒன்றைத் தின்றேன்.
அங்கே தாய்மார் மிகக் கண்ணியமாகத்
தகவல் கோரினார்கள்."

அது என்னுடைய வசனம்.
என்னுடைய எழுவாய், என்னுடைய பயனிலை.
வாஷிங்டன்வரை போய்
கடின அட்டைக்குள் படுத்திருக்கிறது.

போன கிழமை, புதுக்குடியிருப்பு பஸ்ஸுக்கு நிற்கையில்
பையில் கோப்போடு அக்கா.
வழக்கு மறுபடி தவணையாம்.
"அந்த வெள்ளைக்காரன் புத்தகம் எழுதினவனாம்?
எங்களைப் பற்றி என்னவாம்?"

இங்கிலீசிலிருந்து தமிழுக்கு
நாலே சொல் தூரம்.
பஸ் வந்துகொண்டிருந்தது.
"பாலைப்பழம் வாயில ஒட்டினதாம், அக்கா."

அவ கொஞ்சம் யோசித்தா.
"ஓம், பாவம்.
தண்ணிகூடக் குடுக்கேல்ல நாங்கள்.
தேங்காயெண்ணெய் தடவியிருந்தா விட்டிருக்கும்,
அந்தாள் என்னவோ சொல்ல வந்தது."