ஒலி அளவு

மொழி ஆய்வகத்தில் இருபத்தேழாம் கணினி எனக்கு.
ஹெட்போனில் பஞ்சு பிய்ந்திருக்கும்.
எனக்கு முன் உட்கார்ந்த யாரோ
அதைக் கிள்ளிக் கிள்ளித்தான்
ஆங்கில வினைச்சொற்களைக் கடந்திருக்கிறார்கள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு.
நான் வாய் திறந்ததும் சிவக்கிறது.
உச்சரிப்பு ஏழு. இலக்கணம் ஆறு.
ஒலி அளவு இரண்டு.

“இது இன்டர்வியூ, உமையாள். ஏலம் இல்லை”
என்கிறார் செலின் மேடம், மெதுவாக.
அவர் மெதுவாகச் சொன்னது
கடைசி வரிசை வரை கேட்கிறது.

புதுவயலில்
எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலை.
அப்பாவுக்கு அங்கேதான் வேலை.
உப்பை எடு என்பதைக்கூட
ஊருக்கே அறிவிப்பதுபோல்தான் சொல்வோம்.
ரகசியம் பேச
கரண்ட் போக வேண்டும்.

ரெண்டு செமஸ்டர்.
காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் கம்பியிடம்
என் பலவீனம் என்னவென்று
ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.
வகுப்பில் நாற்பது பேருக்கும் அதே பலவீனம்,
ஒரே ஜெராக்ஸிலிருந்து எடுத்தது.
போகப்போகக் கோடு பச்சையிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.
மூன்று பேர், குளிர்ந்த அறை,
யாரும் திறக்காத தண்ணீர் பாட்டில்.
நாலரைக்குப் பெயர் வாசித்தார்கள்.

வேப்பமர நிழலில் நின்று அப்பாவுக்கு அடித்தேன்.
பழகிய குரலில், நிறுத்தி, நிதானமாக,
“செலக்ட் ஆயிருச்சுப்பா.”

பின்னால் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.
“சிலிண்டர் ஆயிருச்சா?
போன வாரந்தானே மாத்துனோம்!”

செலின் மேடம்
இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.
நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.