கழித்தது: கீரை இரண்டு கட்டு

சுங்காய் பட்டணத்தில் உரக்கடை எனக்கு.
மழை வந்தால் முதல் தார்ப்பாய் மூட்டைகளுக்கு,
அப்புறம்தான் மோட்டார் சைக்கிளுக்கு.

கோமளவல்லி வருவது வியாழக்கிழமைகளில்.
செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
லயத்துக்குப் பின்னால், பழைய மருந்துக் கொட்டகை
இடிந்து தரையாகிப்போன இடத்தில்
பாயாம் கீரை போட்டிருந்தாள்.
“குட்டையாவே நிக்குது அண்ணே,
எல மட்டும் கருத்துப்போகுது.”
பாஸ்பேட் கொடுத்தேன். அரை மூட்டை. கடனுக்கு.

மூணாம் வாரம் தொடை உயரம்.
இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அகலம்.
காசில்லாத வாரங்களில் கீரையே கொண்டுவந்தாள்.
பச்சை அட்டை நோட்டில் எழுதிவைத்தேன்:
கழித்தது, கீரை இரண்டு கட்டு.
என் வீட்டில் பருப்புப் போட்டுக் கடைந்தார்கள்.
மகன் இன்னொரு தடவை சோறு கேட்டான்.

விவசாய இலாகாவிலிருந்து புவான் ரொஹானா வந்து
மண்ணில் ஒரு பை, இலையில் ஒரு பை கட்டிக்கொண்டு போனாள்.
தாள் வந்தது.
என் பில் புத்தகத்தின் முதுகில்
படம் போட்டுக் காட்டினாள்.

பால்மரக் காலத்தில் அந்தக் கொட்டகையில்
டிரம் டிரம்மாய்ப் புல்லுமருந்து கரைத்திருக்கிறார்கள்.
பாஷாணச் சரக்கு.
தெளித்த புல் உப்புக் கரிக்குமாம்;
நக்கிய மாடு
அந்திக்குள் கால் மடக்குமாம்.
மரம் போயிற்று. கம்பெனி மூன்று முறை பேர் மாற்றிற்று.
மண்தான்
வாங்கியதை யாருக்கும் கைமாற்றாமல் வைத்திருந்தது,
துருச்சிவப்புத் துகள் ஒவ்வொன்றிலும் ஒட்டவைத்து.

அங்கே போய் இடம் கேட்டிருக்கிறது
நான் விற்ற பாஸ்பேட்.
பஸ்ஸில் ஒரு சீட்டு, ஆள் இரண்டு.
உரம் உட்கார்ந்தது.
பாஷாணம் எழுந்து
ஈரத்தில் இறங்கி
வேர்ப்பக்கமாய் நடந்தது.
வேருக்கு இருவரும் ஒரே ஜாடை.
கதவு திறந்துதான் இருந்தது.

சில மண்ணில் அந்தக் கதவடியில் நெரிசலாகி
பாஷாணம் வெளியே நின்றுவிடுவதும் உண்டாம்.
பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள்.

“அப்படியானால் பாஸ்பேட் விற்கக் கூடாதா?”
அப்படியும் இல்லையாம்.
பேட்டரி உடைத்த இடத்தில் ஈயம் கிடந்தால்
இதே மூட்டை அதைக் கல்லாய்க் கட்டிப்போடும்,
செடி பெரும்பாலும் தொடாது.
இங்கே திறக்கிற கை
அங்கே பூட்டுகிறது.
எந்த மண்ணுக்கு என்று மூட்டையில் அச்சடிக்கவில்லை.
விற்றவனும் கேட்கவில்லை.
இருபது வருஷமாய் நான் கேட்டதெல்லாம்
“எத்தனை கிலோ?”

வியாழக்கிழமை கோமளவல்லி வந்தாள்.
அழவில்லை. திட்டவும் இல்லை.
“நல்லா வளந்ததுதான் தப்பா அண்ணே?”
சில்லறைப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

வேரோடு பிடுங்கிவிட்டாள் எல்லாவற்றையும்.
ஆட்டுக்குப் போடக் கூடாது, எரிக்கக் கூடாது,
ஆற்றில் விடக் கூடாது.
என் கடையின் காலி பாஸ்பேட் மூட்டைகளிலேயே
திணித்துக் கட்டிக் கொண்டுவந்தாள்.
மூன்று மூட்டை.
பின்கட்டுச் சுவரோரம் நிற்கின்றன.
லாரி அனுப்புவதாய் இலாகா சொல்லிப் பதினோரு நாள்.

நேற்று ராத்திரி பெரிய மழை.
தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.
முன்னால் புது யூரியா நனைந்துகொண்டிருந்தது.

நோட்டில் அவள் பேரில் பாக்கி
முப்பத்தெட்டு வெள்ளி.
அதை அடித்துவிட்டேன்.
அதற்கு மேலே, என் கையெழுத்தில்,
கழித்தது, கழித்தது, கழித்தது:
ஒன்பது வாரம்.
மகனின் ரத்தத்தை எடுத்து
ஈப்போவுக்கு அனுப்பியிருக்கிறோம்.
அந்த வரிகளை
எந்தப் பக்கம் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.