நீலக் கிளிப்

காலை ஆறரை, மங்காஃப், நான்காவது மாடி.
கதவைத் திறக்க விடவில்லை காற்று.
தோளால் தள்ளித்தான் பால்கனிக்கு வந்தேன்.
அடுத்த பால்கனியில் ஜெய்னம்பு அக்கா
வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்தபடி
வீட்டுக்காரர் கைலியோடு மல்லுக்கட்டுகிறாள்.
ஏதோ சொல்கிறாள்.
பாதியைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டு
மீதியை என்னிடம் தருகிறது காற்று.

"என்னக்கா?"
"உறை! உறை!"
குளிரைச் சொல்கிறாள் என்று நினைத்து
"ஆமாக்கா, உறையுது" என்கிறேன்.
அவள் கிளிப்பைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறாள்.
என் தலையணை உறை
அவள் நெய் டின்னில் வளரும் தக்காளிச் செடிக்குப்
போர்த்தினாற்போல் கிடக்கிறது.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம்.
இந்த ஊர் மாசிக்குப் பனி கிடையாது, பல் உண்டு.
ஜன்னல் இடுக்கில் ஒட்டிய டேப்பைத் தாண்டி வந்து
அரிசிப் பானையில் உட்காருகிறது மணல்.
நேற்றுச் சோறு மென்றபோது
எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே சத்தம்.
"ஒனக்காவது சோத்துல. எனக்கு ஃபிரிட்ஜுக்குள்ள!"
எதிலும் ஒரு படி கூடுதலாகத்தான் இருக்கும் அவளுக்கு.

"இன்னும் பத்து நாள்தான், கிளாடிஸ்."
பத்து நாளைக்கு முன்னாலும்
இதையேதான் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர்.
சால்மி ரோட்டுக்கு அந்தப் பக்கம்
மழை பெய்த இடமெல்லாம் மஞ்சள் பூவாம்.
நம்பாத எங்களுக்காக ஒருநாள்
சாப்பாட்டுத் தூக்கில் வைத்து ஒரு கொத்து கொண்டுவந்தார்.
பூவில் டீசல் வாசமும் மீன்குழம்பு வாசமும்.
பாதியைக் கிள்ளிச் சுவருக்கு மேலாக நீட்டினாள்.
வாங்குவதற்குள் காற்று வாங்கிக்கொண்டது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கிளம்புகிறோம்.
முதல் வெள்ளி, புளிச்சோறு கட்டியாயிற்று,
எதிர்க் கட்டிடத்தைக் காணோம்.
புழுதி.
அடுத்த வெள்ளி மழையும் மண்ணும் கலந்து பெய்து
மஞ்சள் நீராட்டு முடிந்த பெண்களைப் போல
நின்றன தெருவெல்லாம் கார்கள்.
மூன்றாம் வெள்ளி அண்ணனுக்கு டியூட்டி.
அன்றைக்குப் பார்த்து வானம் அத்தனை சுத்தம்.
அவள் அன்று பேசவே இல்லை.
துணியை மட்டும் உதறு உதறென்று உதறினாள்.

வசந்தம் என்று ஒன்று இங்கே உண்டா?
உண்டாம். எனக்கு முன்னால்
பதினோரு வருஷமாக இருக்கிறவள் சொல்கிறாள்.
ஹீட்டரைக் கட்டிலுக்கடியில் தள்ளிய நாளுக்கும்
ஏசியைப் போட்ட நாளுக்கும் நடுவில்
பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியுமாம்.

இன்று ஒரு விரலுக்கே திறந்துகொண்டது கதவு.
அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகளைப் போலத்
துணிகள் நேராகத் தொங்குகின்றன.
கீழ்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்று கேட்கிறது.
லிஃப்ட் வருவது கேட்கிறது.
இத்தனை நாள் கத்தியே பேசிப் பழகிய நாங்கள்
குரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறோம்.

"நின்னுருச்சுக்கா."
"ம்."

திட்டுவதற்கு அது இல்லாமல்
என்ன பேசுவது?
தக்காளிச் செடியில் ஒரு பூ,
அதுவும் மஞ்சள்தான். பார்த்தோம்.
அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.
"என்னா வேக்காடு! ஏசிக்காரனுக்குப் போன் போட்டியா?"

நேற்று ராத்திரி இரண்டு மணிவாக்கில்
வந்து போயிருக்க வேண்டும் அது.

"இந்த வெள்ளி போயிரலாம்க்கா" என்கிறேன்.
"வெயிலுக்கு முந்திப் போகணும், அஞ்சு மணிக்கே" என்கிறாள்,
தன் கொடியில் ஜனவரியிலிருந்து மாட்டியிருக்கும்
என் நீலக் கிளிப்பை எடுத்து
அடுத்த சட்டைக்குப் போட்டுக்கொண்டே.