மாத்திரை இல்லாத பதினொரு நாள்

ஃபஹாஹீலில் இன்று தூசிக் காற்று.
வானம் மஞ்சள், கார்கள் மஞ்சள்,
பால்கனியில் குற்றாலிங்கம் காயப்போட்ட பனியன் மஞ்சள்.
இப்படிப்பட்ட நாளில் கண்ணாடியை நம்ப முடியாது.
கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன்:
ஊரின் நிறமா, என் நிறமா?

ஏ.எல்.டி. நானூற்றுப் பன்னிரண்டு.
பிலிருபினும் ஏறியிருக்கிறது.
டாக்டர் ஹனான் வட்டம் போட்டு
"நிறுத்துகிறோம்" என்றார்,
ரத்தப் புற்றை இரண்டு வருஷமாய்த் தூங்கவைத்திருக்கும்
அந்த வெளிர்மஞ்சள் மாத்திரையை.
வாரம் ஒருமுறை விழுங்கும் மற்றதையும்.
"பதிலுக்கு வேறு மருந்து?"
"நிறுத்துவதுதான் மருந்து."

எனக்குத் தெரியாத பாஷை இல்லை இது.
சுத்திகரிப்பு ஆலையில் குழாய்ச் சுவரின் கனம் அளப்பவன் நான்.
எட்டு மில்லிமீட்டர் ஐந்தாகிவிட்டால்
வால்வை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடுபவன்.
மூடிய இரவுகளில் மேனேஜர் போன் அடிப்பார்:
"எப்போ திறக்கலாம்?"
குழாயைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன்.
இப்போது மேனேஜரும் நான், குழாயும் நான்.
திறந்தால் ஈரல் போகும்.
மூடியே கிடந்தால்
எலும்புக்குள் தூங்குவது
புரண்டு படுக்கும்.

தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா
யாரோ ஒரு ஃபிட்டரின் பெட்டியில்
கீழாநெல்லிப் பொடி கொடுத்தனுப்பினாள்.
மோரில் மூன்று வேளை, உப்பில்லாமல்.
மருந்தாளுநர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை:
"இந்த ஈரலுக்கு இப்போது விருந்தாளி வேண்டாம்."
தலைவலிக்குப் பனடால்கூட கேட்காமல் போடக்கூடாதாம்.
ஜெசிந்தாவிடம் குடித்தேன் என்றேன்.
"கசந்துச்சா?"
"ரொம்ப."
அந்த ஒரு சொல் பொய்யில்லை.

ரத்தம் கொடுக்கும் வரிசையில்
கறுப்பு அபாயா அணிந்த ஒருத்தி
முடியுதிர்ந்த சிறுவனை மடியில் இழுத்து
"சிப்தி, சிப்தி" என்று கொஞ்சினாள்.
அர்த்தம் கேட்டேன்.
பக்கத்து எகிப்துக்காரர்
தன் வலது விலாவைத் தொட்டுக் காட்டினார்:
ஈரல். என் ஈரலே.

எங்களுக்கும் பயத்தில் முதலில் நடுங்குவது
ஈரக்குலைதான் என்று சொல்ல
என் அரபி போதவில்லை.
நானும் என் விலாவைத் தொட்டுக் காட்டினேன்.
வலிக்கிறதாக்கும் என்று நினைத்து
எழுந்து இடம் கொடுத்தார்.
உட்கார்ந்துகொண்டேன்.

பதினோராம் நாள்
முந்நூற்றுத் தொண்ணூறு.
"இறங்குகிறது" என்றார் டாக்டர். "இன்னும் திறக்க வேண்டாம்.
வந்தால் பாதி அளவு, அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள்."
இருபத்திரண்டு.
பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தேன்,
தப்பாய்க் கழித்துவிட்டேனோ என்று.

அறைக்கு வந்தபோது
குற்றாலிங்கம் அதே பனியனை
மறுபடி துவைத்துக்கொண்டிருந்தான்.
காற்று இன்னும் அடங்கவில்லை.