கம்பத்துக்கு மூன்று

ராஜினாமாக் கடிதம் எழுத
பத்தொன்பது வருஷமும் நாலு நிமிஷமும் ஆனது.
காரணம் என்ற கட்டத்தில்
'சொந்தக் காரணம்' என்று போட்டேன்.
மேட்ரன் ஹலிமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நீயுமா என்று கேட்கவில்லை.
முத்திரை மை காய்ந்திருந்தது,
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

சூ லிங் போன வருஷமே வீடு விற்கப் போய்விட்டாள்.
ஜெலுத்தோங் சாலை விளம்பரப் பலகையில் சிரிக்கிறாள்,
வார்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
குணசுந்தரி ஆயர் ஈத்தாமில் கேக் சுடுகிறாள்.
ஆர்டர் எடுக்கும்போது இன்னமும்
'ஒவ்வாமை ஏதும் உண்டா' என்றுதான்
முதலில் வாயில் வருகிறதாம்.

நான் பாயான் லெப்பாஸ்.
சில்லுத் தொழிற்சாலை, லைன் ஏழு.
இங்கேயும் முகக்கவசம், கையுறை, முடியை மூடும் தொப்பி.
இங்கேயும் தூசு ஆகாது.
ஆனால் நான் குனிந்து பார்க்கும் எதுவும்
என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
அது எவ்வளவு நிம்மதி என்று சொன்னால்
நம்பமாட்டீர்கள்.

தகடு ஒன்று உடைந்தால் படிவம் நிரப்புகிறோம்,
பெட்டியிலிருந்து இன்னொன்று வருகிறது.
முதல் தடவை என் கை தவறி உடைந்தபோது
கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.
சூப்பர்வைசர் பையன் ஹாஃபிஸ் வெளியே நின்று
'காக், அது வெறும் சிலிக்கான்தானே' என்றான்.
அவனுக்கு எப்படித் தெரியும்
பதினாலாம் கட்டிலைப் பற்றி.
அன்று இரவு முப்பத்திரண்டு கட்டில், இரண்டு மிஸ்ஸி.
ஒரே நேரத்தில் மூன்று மணி அடித்தது.
நான் முதலில் போனது பதினொன்றுக்கு.

அவ்வளவுதான்.

இப்போது தூங்குகிறேன்.
தீபாவளிக் காலையில் எண்ணெய் வைக்க உட்காரச் சொன்னால்
மகன் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அது அடிக்கவில்லை.
மத்தியானம் வரை அவன் நம்பவில்லை.

வெள்ளைச் சப்பாத்தைத் தூக்கி எறியவில்லை,
மழை நாளில் மீன் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.
நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றுகிறவர் கையில்
ஊசி ஏற்ற அருமையான நரம்பு,
கண்ணை மூடிக்கொண்டே ஏற்றலாம்.
வங்கிப் பெண்ணுக்குக் கிடைக்காது,
பாவம், மூன்று தடவை குத்த வேண்டிவரும்.

நேற்று மாலை ஷிப்ட் முடிந்து
பதினொன்றரைக்குத் தொழிற்சாலை பஸ் பாலத்தில் ஏறியது.
பக்கத்து இருக்கை லோகேஸ்வரி
'தலை சுத்துது' என்றாள்,
சொல் முடியுமுன் என் தோளில் சரிந்தாள்.
என்னைக் கேட்காமலே மூன்று விரல்
அவள் மணிக்கட்டுக்குப் போய்விட்டது.
கையில் கடிகாரம் இல்லை.
போன் பையின் அடியில், சோற்று டப்பாவுக்குக் கீழே.
சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப்
பினாங்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.
ஒன்று இரண்டு மூன்று, கம்பம்.
ஒன்று இரண்டு மூன்று, கம்பம்.
கீழே கடல் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

பாலம் முடியும் இடத்தில் கண் திறந்தாள்.
மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்,
ஓவர்டைம் போய்விடும் என்று.
மிச்ச மைலோவை நீட்டினேன்.
'அக்கா, நீங்க மிஸ்ஸியா?'
'லைன் ஏழு' என்றேன்.

குடித்தாள். ஒரு கையால்தான் குடித்தாள்,
மற்றக் கை என்னிடம்.
பிறை வளைவில் கம்பத்துக்கு நாலு ஆனது,
பிறகு ஐந்து, பிறகு ஏழு.
யாரையாவது கூப்பிட வேண்டுமே என்று
எழுந்தேவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது,
டிரைவர் வேகத்தைக் குறைத்திருக்கிறார்.